சீட் கிடைத்த நாளிலிருந்து முதல் செமஸ்டர் ரிசல்ட் வரை

ப்ளஸ் டூ முடித்து, தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியிலோ கலை அறிவியல் கல்லூரியிலோ இடம் வாங்கிவிட்டவர்களுக்கான வழிகாட்டி இது. எந்தப் படிப்பு நல்லது, எந்தக் கல்லூரி பெரியது என்ற பேச்சு இதில் இல்லை. அதைச் சொல்லத்தான் ஊரில் ஆளாளுக்கு ஒரு மாமா இருக்கிறாரே. சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

பள்ளியில் ஒரு நாள் போகாவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் போடுவார். கல்லூரியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அதன் படம் வரும், கடைசித் தேதி போய்விடும். அதற்கப்புறம் ஆபீஸ் ஜன்னலில் நின்று கெஞ்ச வேண்டியதுதான். முதலாண்டுச் சிக்கல்கள் பெரும்பாலும் தேதியிலும் தாளிலும்தான் தொடங்குகின்றன. ஆகவே தாளிலிருந்தே தொடங்குவோம்.

பெயரும் இனிஷியலும்

மதிப்பெண் சான்றிதழில் 'கார்த்திக் எம்', ஆதாரில் 'எம்.கார்த்திக்', பான் அட்டையில் 'கார்த்திக் முருகன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை விண்ணப்பம் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் உள்ள எழுத்து, இடைவெளி, இனிஷியல் இருக்கும் பக்கம், பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் அப்படியே இருக்கட்டும். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைவரை போய் வர வேண்டிய நீண்ட வேலை. ஆதார் திருத்தம் எளிது, ஆனால் வரம்பு உண்டு: பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை 1 முறையும்தான் மாற்றலாம். எனவே மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையைக் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். பான் அட்டையில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அங்கே அப்பாவின் முழுப் பெயர் வருவது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மதிப்பெண் சான்றிதழே தவறாக இருந்தால், பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள்.

ஆதார் மையத்துக்குப் போகும்போது, 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பை முடித்துவிட்டீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். ஐந்து வயதில் எடுத்த ரேகையோடு கல்லூரிக்கு வந்தால், உதவித்தொகைக்கு விரல் வைக்கும் நாளில் இயந்திரம் ஏற்காது.

சான்றிதழ் கோப்பு

சேர்க்கை நாளன்று கேட்கப்படுபவை: ஒதுக்கீட்டு ஆணை, பத்து, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள். பொருந்துபவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. சிபிஎஸ்இ மாணவர்களுக்கு இவற்றோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். மாநிலப் பாடத்திட்ட நண்பனைக் கேட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டால் அது விட்டுப்போகும்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறித்தான் வட்டாட்சியர் அலுவலகம் போகும். ஜூன் மாதத்தில் ஊரே விண்ணப்பிப்பதால் நாளாகும், மே மாதமே போட்டுவிடுங்கள். பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவதால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். போன வருடம் எதற்கோ எடுத்தது வீட்டில் இருக்கிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி எடுத்து, செட் செட்டாகப் பின் அடித்து வைத்தால் அலுவலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போகலாம். தெளிவாக ஸ்கேன் செய்து சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பள்ளியில் உங்கள் எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அரசுத் திட்டங்களில் பள்ளிப்படிப்பைச் சரிபார்க்க அது தேவைப்படும்.

மூலச் சான்றிதழை லேமினேஷன் செய்ய வேண்டாம். பின்னாளில் வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ சான்றொப்பம் வாங்கும்போது பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டியிருக்கும். உரித்தால் தாள் கிழியும். பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு போதும்.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியே வைத்துக்கொள்வது பழைய வழக்கம். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் அறிவித்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியிடம் போய்ச் சேரும். மற்றவற்றையும் கல்லூரி கேட்டு வாங்கி வைத்தால், எவை கொடுக்கப்பட்டன என்று பட்டியலிட்டுக் கையெழுத்து போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

பணம் வரும் வழி

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படிச் சேர்ந்தவரிடம் கல்லூரி பணம் கேட்டால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தாலும் கிடையாது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் 2022-இலும் 2024-இலும் தொடங்கின. இவற்றுக்குக் கல்லூரி வழியாகத்தான் பதிவு நடக்கிறது. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், முதல் வாரமே அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் அனுமதியாகியும் கையில் வராமல் போவதுதான் அதிகம் கேட்கும் புகார். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கணக்கில் ஆதார் எண் 'சேர்ந்திருப்பது' வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதார் 'சீடிங்' ஆகியிருப்பது வேறு. சரிபார்க்கும் முறை:

1. ஆதாரில் உள்ள செல்போன் எண் இப்போது உங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.
2. ஆதார் இணையதளத்தில் நுழைந்து, வங்கி சீடிங் நிலை என்ற பகுதியைத் திறங்கள்.
3. அங்கே எந்த வங்கியின் பெயர் தெரிகிறதோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண் வேறாக இருந்தாலும் அப்படித்தான். எப்போதோ செயலியில் திறந்து மறந்துபோன கணக்குக்குப் பணம் போய்ச் சேர்வது இப்படித்தான்.
4. 'செயலில் இல்லை' என்று வந்தால் வங்கிக் கிளைக்குப் போய் சீடிங் படிவம் கேட்டுக் கொடுங்கள். சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.
5. பள்ளிக் காலத்தில் திறந்த மைனர் கணக்கு என்றால் 18 வயது முடிந்ததும் புதிய கையெழுத்து, புகைப்படம் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, கல்லூரியிடம் போனஃபைடு சான்றிதழும் (இங்கே படிக்கிறார் என்பதற்கான சான்று) படிப்புக் காலம் முழுதுக்குமான கட்டண விவரமும் வாங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். 4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும், அடமானம் கிடையாது. பணம் வங்கியிலிருந்து நேரே கல்லூரிக்குப் போகும். ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் தவணைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்த வீடுகளில் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுவது கடைசியில் பெரிய சுமையைக் குறைக்கும்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் 1992-இலிருந்தே இங்கே இருக்கிறது. வேறு இடம் கிடைத்து விலகுவதானால், வாயால் சொல்லாமல் தேதியிட்ட கடிதம் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயும் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கின்றன. கணக்கு உங்கள் கடிதத் தேதியை வைத்துத்தான்.

விடுமுறையில் படிக்க வேண்டியது

கொஞ்சம்தான். பொறியியல் என்றால் ப்ளஸ் டூ கணிதத்தில் அணிகள், வகையிடல், தொகையிடல் மூன்றையும் மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டர் கணிதம் அங்கேயிருந்துதான் கிளம்புகிறது, முதல் அரியர் விழுவதும் பெரும்பாலும் அதில்தான். சயின்ஸ் குரூப் படித்துவிட்டு பி.காம் சேர்ந்தவர்கள் ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுத்து, குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவது, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு வரை வந்துவிட்டால் வகுப்பில் விழிக்க வேண்டாம். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினிப் படிப்புக்காக ஆயிரக்கணக்கில் கொட்டிக் கோடைக்கால கோர்ஸ் சேரத் தேவையில்லை. தட்டச்சு பழகினால் அதுவே லாபம்.

கருவிகளை முன்கூட்டியே வாங்கிக் குவிக்காதீர்கள். மினி டிராஃப்டர் (பொறியியல் வரைபடம் போடும் கருவி), ஒர்க்‌ஷாப் சீருடை, லேப் கோட் நிறம், கால்குலேட்டர் மாடல் எல்லாவற்றையும் துறையே சொல்லும். புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டரைத் தேர்வறையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். சீனியர்களிடம் பாதி விலைக்கு டிராஃப்டர் கிடைக்கும், வாங்கும் முன் திருகுகள் தளர்ந்து கோடு ஆடுகிறதா என்று ஒரு தாளில் இழுத்துப் பாருங்கள்.

விடுதியா, பேருந்தா

சேர்வதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி ஒரு முறை பயணம் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் கணக்கு தப்பும். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் முதல் ஆண்டாவது விடுதியில் இருப்பது நல்லது. தினம் மூன்று மணி நேரம் பேருந்தில் நின்றுவிட்டு வந்து ரெக்கார்டு எழுத உடம்பில் தெம்பிருக்காது. தனியார் விடுதிக் கட்டணம் கட்டுப்படியாகாதென்றால், ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் அரசு விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். விண்ணப்பிக்கும் காலத்தை மாவட்ட நல அலுவலகத்தில் கேளுங்கள்.

விடுதிக்கு எடுத்துப்போவதில் முக்கியமானவை எல்லாம் சின்னப் பொருள்கள்: இரண்டு சாவியுள்ள நல்ல பூட்டு, வாளி, மக், கொடிக்கயிறு, கிளிப், கொசுவலை, தட்டு, டம்ளர், காய்ச்சல் மாத்திரை, ஊசி நூல். இண்டக்‌ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் பல விடுதிகளில் தடை, சோதனையில் எடுத்துப் போய்விடுவார்கள்.

மெஸ் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில விடுதிகளில் ஆண்டுக்கு ஒரே தொகை. பலவற்றில் டிவைடிங் சிஸ்டம்: அந்த மாதச் செலவை எல்லார் சாப்பிட்ட நாளாலும் வகுத்து, உங்கள் நாளால் பெருக்குவார்கள். ஊருக்குப் போன நாளைக் கழிக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் குறைந்தது இத்தனை நாள் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் கழிக்க மாட்டார்கள். வார்டனிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது.

சொந்த ஊருக்கு ரயிலில் போக மாணவர் சலுகை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் படிவம் வாங்கி, ரயில் நிலைய கவுன்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும், இணையத்தில் முடியாது.

வருகையும் இன்டர்னலும்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் பிரதான விஷயம். ஒரு செமஸ்டரில் சுமார் 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், அதாவது 22 நாள் வரை விடுப்பு தாங்கும். 22 நாள் நிறைய என்றுதான் தோன்றும். ஊருக்குப் போய்விட்டு மாதம் இரண்டு திங்கட்கிழமை தவறினால் நான்கு மாதத்தில் 8 நாள். ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டிச் சேர்த்து எடுப்பது 4. ஒரு டைபாய்டு வந்தால் 7. வீட்டில் ஒரு கல்யாணம், 2. மொத்தம் 21 ஆகிவிட்டது. காலையில் பத்து நிமிடம் தாமதமாகப் போய் அரை நாள் ஆப்சென்ட் விழுந்தவை இதில் சேரவில்லை. எனவே உடம்பு சரியில்லாத நாளுக்கென்று பத்து நாளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் செலவழிக்கலாம்.

65-க்கும் 75-க்கும் இடையில் வருகை இருந்தால், மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, அபராதக் கட்டணம் கட்டி விலக்கு கேட்கலாம். அந்தச் சான்றிதழைக் காய்ச்சல் முடிந்து வந்த வாரமே கொடுத்திருக்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். 65-க்கும் கீழே போனால் பல பல்கலைக்கழகங்களில் அந்தத் தேர்வை எழுதவே முடியாது. போட்டி, கலைவிழா, என்சிசி முகாம் இவற்றுக்குப் போனால் ஆன் டியூட்டி கிடைக்கும், அதாவது வந்ததாகவே கணக்கு. அதற்கான கடிதத்தில் துறைத்தலைவரின் கையெழுத்தை, நிகழ்ச்சிக்குப் போவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வு 100-க்கு நடத்தப்பட்டு 60-ஆகக் குறைக்கப்படும். தேர்ச்சி பெற இரண்டு நிபந்தனை: தேர்வில் குறைந்தது 45, மொத்தத்தில் குறைந்தது 50. இப்போது மூன்று பேரைப் பாருங்கள். இன்டர்னல் 20, தேர்வில் 45 எடுத்தவருக்கு 20-உடன் 27 சேர்ந்து 47, அரியர். அதே 45 எடுத்து இன்டர்னல் 30 வைத்திருப்பவருக்கு 57, பாஸ். இன்டர்னல் 38 வைத்துக்கொண்டு தேர்வில் 44 எடுத்தவருக்கு மொத்தம் 64-ஐத் தாண்டினாலும் அரியர்தான். இன்டர்னலை விட்டால் பரீட்சையில் மல்லுக்கட்ட வேண்டும், இன்டர்னலை மட்டும் நம்பினாலும் கவிழ்க்கும். உங்களுக்கு எந்த ஆண்டு விதிமுறை, சொந்தமாகத் தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியானால் அதன் பங்கீடு என்ன என்பதை முதல் வாரமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கலைக் கல்லூரிகளில் பல இடங்களில் இன்டர்னல் 25, தேர்வு 75, தேர்ச்சி 40.

இன்டர்னல் மதிப்பெண் குறைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: எழுதாமல் விட்ட ஒரு யூனிட் டெஸ்ட், தேதி தாண்டிக் கொடுத்த அசைன்மென்ட். லேபில் இன்னொன்று. அப்சர்வேஷன் நோட்டில் செய்முறை நடந்த அன்றே ஆசிரியரின் கையெழுத்தும், ரெக்கார்டில் அடுத்த லேபுக்குள் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். ஐந்து பரிசோதனை சேர்ந்துவிட்டால் ரீடிங் நினைவிருக்காது, நண்பனைப் பார்த்து எழுதுவீர்கள், அவன் தவறும் சேர்ந்து வரும். ரெக்கார்டு முடியாதவரைச் செய்முறைத் தேர்வுக்குள் விட மாட்டார்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு

முதல் இரண்டு மாதம் எல்லாம் வேகமாகப் போவதுபோல் இருக்கும். பாடம் புரியாமல் இல்லை, சொல் தெரியாததுதான் தடை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இடப்புறம் தமிழ்ச் சொல், வலப்புறம் ஆங்கிலச் சொல் என்று எழுதிவாருங்கள். விசை, முடுக்கம், வினைவேகம், மீளும் வினை எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவைதானே. பள்ளியில் படித்த தமிழ்வழிப் பாடப் புத்தகத்தை வீட்டில் போட்டுவிட்டு வராதீர்கள். புதிய பாடத்தை முதலில் அதில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்துக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள், ஆசிரியர்கள் பெரும்பாலும் தமிழில்தான் விளக்குகிறார்கள். விடையை மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் 2 மதிப்பெண் கேள்விக்கு உதவும். 13 மதிப்பெண் கேள்வியில் படம், சமன்பாடு, படிப்படியான விளக்கம் மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். கடந்த ஐந்தாண்டுக் கேள்வித்தாள்களை நூலகத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொல்லைகள்

தமிழ்நாட்டில் ராகிங் 1997 சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாட்டுப் பாடச் சொல்வதில் தொடங்கி, அறைக்குக் கூப்பிடுவதில் வளரும். கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். வார்டனோ துறைத்தலைவரோ கண்டுகொள்ளாவிட்டால் 1800-180-5522 என்ற யுஜிசி எண்ணில் புகார் செய்யலாம்.

பண மோசடியில் இப்போது மாணவர்களைக் குறிவைப்பவை இரண்டு. 'உதவித்தொகை வந்திருக்கிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடு' என்ற அழைப்பு ஒன்று. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. இன்னொன்று இதைவிட மோசமானது: 'உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று சீனியரோ டெலிகிராம் ஆசாமியோ கேட்பார். அதன் வழியாகத் திருட்டுப் பணம் ஓடும், போலீஸ் வரும்போது வழக்கு கணக்கு வைத்திருப்பவர் பெயரில்தான் விழும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பணத்தை நிறுத்திவைக்கத் தாமதமில்லாத அழைப்புதான் உதவும். தூக்கம் வராமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ரிசல்ட் வந்த பிறகு

அரியர் விழுந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். சில நாள்தான் அவகாசம் தருவார்கள். நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டி, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா, கூட்டலில் பிழை உண்டா என்று பார்த்து, அவர் நம்பிக்கை சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுங்கள். மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருந்து, அடுத்த தேர்வுக்கு அந்தத் தாளைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.